அடிபட்ட மூளையில் மஞ்சள் என்ன செய்யும்?

தலையில் பலமாக அடிபட்டால் மூளைக்குச் சேதம் இரண்டு தவணையாக வருகிறது. முதல் தவணை அந்த நொடியிலேயே முடிந்துவிடும். மூளைத் திசு நசுங்கும், நரம்பிழைகள் இழுபட்டு அறுந்துபோகும், ரத்தக்குழாய் கிழியும். அப்படிச் செத்த நரம்பணுவை (நரம்புச் செல்லை) எந்த மருந்தாலும் மீட்க முடியாது. ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும்தான் அதற்குத் தடுப்பு. இரண்டாவது தவணை சில நிமிடங்களில் தொடங்கி நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீளும். அடியில் தப்பிய நரம்பணுக்கள் பலவும் சாவது அப்போதுதான்.

நரம்பணுப் பாதுகாப்பு என்று மருத்துவத்தில் பேசப்படுவதெல்லாம் இந்த இரண்டாம் தவணையைக் குறைப்பது பற்றியது. மஞ்சளின் குர்குமின், ப்ராக்கோலியின் சல்ஃபோராஃபேன், திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால், ஜிங்கோ இலைச் சாரம், வல்லாரையின் ஏஷியாட்டிகோசைடு எல்லாமே கைவைக்கப் பார்ப்பது இங்கேதான்.

பக்கவாதத்திலும் இதே கணக்கு உண்டு. ரத்தக்குழாய் அடைபட்டதும் நடுப்பகுதி சில நிமிடங்களில் செத்துவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி அரைகுறை ரத்தத்தில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பெரிய குழாய் அடைபட்டவருக்குச் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் போகின்றன என்று 2006இல் ஒரு கணக்கு வெளியானது. காப்பாற்ற வேண்டிய நரம்பணுக்கள் காத்திருக்கும் நேரம் அவ்வளவு குறைவு. கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

இரண்டாம் தவணையில் நடப்பது

மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடலுக்குப் போகும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. கையிருப்பு என்று ஏறக்குறைய ஒன்றும் கிடையாது. ரத்தம் குறைந்ததும் நரம்பணுவின் ஆற்றல் தீர்கிறது, உப்புகளை உள்ளே வெளியே தள்ளும் பம்புகள் நிற்கின்றன, குளூட்டமேட் வெளியே கொட்டுகிறது.

குளூட்டமேட் நஞ்சல்ல. ஒரு நரம்பணு இன்னொன்றைத் தட்டி எழுப்பப் பயன்படும் தூதுப்பொருள் அது. வேலை முடிந்ததும் பக்கத்திலுள்ள துணை அணுக்கள் அதை உறிஞ்சிவிடும். அந்த உறிஞ்சலும் நின்றுபோனால் நரம்பணுவின் கதவு திறந்தபடியே கிடக்கும், கால்சியம் உள்ளே பாயும். சாதாரணமாக அணுவுக்குள் இருக்கும் கால்சியம், வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த மடை உடைந்ததும் உள்ளே உறங்கிக்கிடந்த நொதிகள் விழித்து அணுவின் சட்டகத்தையே வெட்டத் தொடங்குகின்றன. மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை உறிஞ்சி வீங்கி வெடிக்கிறது, அதிலிருந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கும் ஆக்சிஜன் தனியுறுப்புகள் (ஃப்ரீ ராடிகல்கள்) கசிகின்றன.

மூளை கொழுப்பு மிகுந்த உறுப்பு. அந்தக் கொழுப்பைத் தனியுறுப்புகள் தாக்கும்போது நடப்பதும், நாள்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை வரும்போது நடப்பதும் ஒரே வேதிவினை. கசிந்த ரத்தத்திலிருந்து வெளிப்படும் இரும்பு அதை இன்னும் விரைவாக்குகிறது. பிறகு அழற்சி வருகிறது. மூளையின் காவல் அணுக்களான மைக்ரோக்ளியா விழித்தெழும், ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் நுழையும், ரத்தத்தில் உள்ளவை கண்டபடி மூளைக்குள் நுழையாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பு தளர்ந்து நீர் உள்ளே இறங்கும். மண்டையோடு விரியாது, எனவே அழுத்தம் ஏறும். உள்ளழுத்தம் 22 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் குறைக்கச் சொல்கிறது தலைக்காய வழிகாட்டு நெறி.

நேர வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளூட்டமேட் வெள்ளம் நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் அடிக்கும். தனியுறுப்புத் தாக்குதல் மணிக்கணக்கில் நடக்கும். வீக்கம் பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சம் தொடும். ஒரு பொருள் எதைத் தடுக்கிறது என்பதை வைத்தே அதை எப்போது கொடுத்தால் பயன் உண்டு என்று சொல்ல முடியும். மூன்றாம் நாள் தொடங்கும் மாத்திரை முதல் மணி நேரத்து வெள்ளத்தைத் தடுக்காது.

தாவரப் பொருள் எங்கே பிடிக்கிறது

‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி’ என்றதும், அது தனியுறுப்புகளை நேரே போய்த் துடைத்தெடுக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உடலுக்குள் அது பெரிதாக நடப்பதில்லை, அவ்வளவு செறிவு மூளைக்குப் போய்ச் சேராது. குர்குமினும் சல்ஃபோராஃபேனும் செய்வது வேறு. என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை கீப்1 என்ற இன்னொரு புரதம் கட்டிப்பிடித்து அழித்துக்கொண்டே இருக்கும். இந்தத் தாவரப் பொருள்கள் கீப்1இல் உள்ள கந்தகப் பகுதியில் போய் ஒட்டுகின்றன. பிடி தளர்கிறது. விடுபட்ட என்ஆர்எஃப்2 அணுக்கருவுக்குள் போய், அணு தானே தயாரிக்கும் குளூட்டாதயோன் போன்ற காப்புப் பொருள்களுக்கான மரபணுக்களை இயக்கிவிடுகிறது. உண்மையில் தாவரப் பொருள் கொடுப்பது ஒரு சிறு சீண்டல், காப்பது உடலின் சொந்த ஏற்பாடு.

அழகான வழிமுறைதான். ஆனால் மரபணு இயங்கி, புரதம் உருவாகி, செறிவு ஏறச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் காயத்துக்கு முன்பே கொடுத்த விலங்குகளில் பலன் பளிச்சென்று தெரிகிறது, பின்பு கொடுத்தால் மங்குகிறது.

குர்குமினையே எடுத்துக்கொள்வோம். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2006இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்து வந்தது. எலிகளின் தீனியில் கிலோவுக்கு 500 மி.கி. குர்குமின் கலந்து கொடுத்தார்கள். அதன் பிறகு தலையில் லேசான காயம் ஏற்படுத்தினார்கள். குர்குமின் தின்ற எலிகளில் ஆக்சிஜனேற்றச் சேதம் குறைந்தது, நீருக்குள் வழி கண்டுபிடிக்கும் திறனும் மேம்பட்டது. செய்திகளில் விட்டுப்போகும் விவரம் ஒன்று உண்டு. காயத்துக்கு முன்பே நான்கு வாரம் அந்தத் தீனி கொடுக்கப்பட்டது.

அந்த அளவை மனிதருக்கு மாற்றிப் பார்க்கலாம். 250 கிராம் எலி ஒரு நாளைக்கு 20 கிராம் தீனி தின்கிறது என்று வைத்துக்கொண்டால் 10 மி.கி. குர்குமின் கிடைக்கும், அதாவது கிலோ எடைக்கு 40 மி.கி. இதை அப்படியே 60 கிலோ மனிதருக்குப் பெருக்கினால் 2,400 மி.கி. என்று வரும். அது தவறான கணக்கு. சிறிய உடல் மருந்தை வேகமாகச் செலவழிக்கும், ஆகவே எலியின் அளவை 6.2ஆலும் சுண்டெலியின் அளவை 12.3ஆலும் வகுக்க வேண்டும். 40ஐ 6.2ஆல் வகுத்தால் கிலோவுக்கு சுமார் 6.5 மி.கி., 60 கிலோவுக்குச் சுமார் 390 மி.கி. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம் இருக்கும். எனவே தினமும் 13 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டிக்கு மேல் மஞ்சள். எந்தக் குழம்பிலும் தலைக்கு அவ்வளவு போகாது.

ரத்தத்தில் ஏறுவதே பெரிய பாடு

குர்குமின் நீரில் கரையாது. குடலில் உறிஞ்சப்படும் சிறிதளவையும் குடல் சுவரும் கல்லீரலும் சர்க்கரை அமிலத்தோடு இணைத்து வெளியே அனுப்பிவிடுகின்றன. 1998இல் வெளியான பெங்களூர் ஆய்வு ஒன்றில் நலமானவர்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்து அளந்தார்கள். ரத்தத்தில் ஏறிய உச்ச அளவு மில்லிலிட்டருக்கு 0.006 மைக்ரோகிராம். அளவுகருவிக்கே எட்டாத அளவு என்று சொல்லலாம். அதோடு மிளகின் பைப்பரின் 20 மி.கி. சேர்த்தபோது 0.18 மைக்ரோகிராமாக ஏறியது. சப்ளிமென்ட் டப்பாக்களில் ‘2000 சதவீதம் அதிக உறிஞ்சல்’ என்று அச்சிடப்படுவது இந்த ஆய்வை வைத்துத்தான்.

மொத்தமாக உறிஞ்சப்பட்ட அளவு 20 மடங்கு என்பது உண்மை. ஆனால் எதன் 20 மடங்கு? ஆய்வகத் தட்டில் நரம்பணுக்களைக் காப்பாற்றிய சோதனைகளில் சாதாரணமாகப் பயன்படும் செறிவு 10 மைக்ரோமோலார் அளவில் இருக்கும். குர்குமினின் மூலக்கூறு எடை 368. அப்படியானால் அது மில்லிலிட்டருக்குச் சுமார் 3.7 மைக்ரோகிராம். மிளகு சேர்த்து எட்டிய உச்சமும் அதில் இருபதில் ஒரு பங்குதான், அதுவும் முக்கால் மணி நேரத்தில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். இதுவும் ரத்தத்தில் இருக்கும் அளவு. மூளைக்குள் போக இன்னொரு வாசலைத் தாண்ட வேண்டும். ரத்த-மூளைத் தடுப்பு சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகளை மட்டும் விடும், அவற்றிலும் பலவற்றைத் திரும்ப வெளியே இறைக்கும்.

தட்டில் தெரிந்த பலனையும் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். குர்குமின் உடலின் காரத்தன்மை உள்ள கரைசலில் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும், தானே ஒளிரும், புரதங்களோடு கண்டபடி ஒட்டும். ஒளியை அளந்து முடிவு சொல்லும் சோதனைகளை இது ஏமாற்றிவிடும். 2017இல் மருந்து வேதியியலாளர்கள் குர்குமின் ஆய்வுகளை மொத்தமாக அலசி, இது நல்ல மருந்து மூலமாக அமையும் வாய்ப்பு குறைவு என்று கடுமையாகவே எழுதினார்கள். அந்தக் கட்டுரையைப் படிக்காமல் குர்குமின் பற்றி எழுதக் கூடாது.

ப்ராக்கோலியில் சிக்கல் வேறு மாதிரி. சல்ஃபோராஃபேன் அதில் தயாராக இருப்பதில்லை. காயை நறுக்கும்போது ஒரு நொதி வெளிப்பட்டு அதை உருவாக்குகிறது. முழுதாகக் கொதிக்கவைத்தால் நொதி செத்துவிடும். நறுக்கிச் சிறிது நேரம் வைத்துவிட்டுச் சமைக்கலாம், அல்லது வெந்தபின் கடுகுத் தூள் தூவலாம், ஏனெனில் கடுகிலும் அதே நொதி உண்டு. உணவுக்கு நல்ல யோசனை. அவசரச் சிகிச்சைக்கு இது உதவாது.

மனிதர்களிடம் சோதித்தபோது

விலங்கில் வென்று மனிதரில் தோற்ற பட்டியல் இந்தத் துறையில் மிக நீளம். 2006இல் ஒரு கணக்கெடுப்பு, பக்கவாதத்துக்கு ஆய்வுகளில் முயன்று பார்த்த சிகிச்சைகள் 1,026 என்று எண்ணிக் காட்டியது.

மனதில் நிற்க வேண்டியது புரோஜெஸ்டெரோன். உடலே சுரக்கும் ஹார்மோன்தான், ஆனால் அது மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது ஒரு கிழங்கால். 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து டயோஸ்ஜெனினை எடுத்து அதைப் புரோஜெஸ்டெரோனாக மாற்றினார். (கிழங்கைத் தின்றால் உடல் இந்த மாற்றத்தைச் செய்துகொள்ளாது, அதற்கு ஆய்வகம் வேண்டும்.) எலிகளில் தலைக்காய வீக்கத்தை இது சிறப்பாகக் குறைத்தது, சிறிய மனித ஆய்வுகளும் நம்பிக்கை தந்தன. பிறகு இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. ஒன்றில் 882 பேர், மற்றொன்றில் 1,195 பேர். இரண்டின் முடிவும் 2014இல் வந்தது. போலி மருந்தைவிட எந்த நன்மையும் இல்லை.

‘அழற்சியைக் குறைப்பது நல்லதுதானே, கெடுதல் ஒன்றுமில்லையே’ என்ற எண்ணத்துக்கும் பதில் இருக்கிறது. தலைக்காயத்துக்கு, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு கொடுப்பது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. 2004இல் 10,008 பேரிடம் நடந்த க்ராஷ் ஆய்வில், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம் பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்தார்கள். பெறாதவர்களில் 17.9 சதவீதம். அழற்சி சேதமும் செய்கிறது, செத்த திசுவைத் துப்புரவும் செய்கிறது. எதை, எப்போது அடக்குவது என்று தெரியாமல் அடக்கினால் ஆள் போகலாம்.

தாவரத்திலிருந்து வந்து இதுவரை மிக அருகில் போனது, செலரி விதையில் உள்ள பியூட்டைல்ஃப்தலைடு. சீனாவில் பக்கவாதத்துக்கு அனுமதி பெற்ற மருந்து இது, இன்று ஆலையில் செயற்கையாகத் தயாரிக்கப்படுகிறது. 2023இல் வெளியான சீன ஆய்வில், அடைப்பு நீக்கும் சிகிச்சை பெற்ற 1,216 பேரில் ஒரு பாதியினருக்கு இதைக் கொடுத்தார்கள். பக்கவாதம் தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, 14 நாள் ஊசி, பிறகு 90ஆம் நாள் வரை மாத்திரை. 90ஆம் நாளில் நல்ல நிலையில் இருந்தவர்கள் மருந்துக் குழுவில் 56.7 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 44 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். இது ஏன் தேறியது என்று பாருங்கள். தூய ஒரே பொருள், அளந்த அளவு, நேரே ரத்தக்குழாயில், ஆறு மணி நேரத்துக்குள், அதுவும் அடைப்பு நீக்கும் சிகிச்சையோடு சேர்த்து. ஆனால் இது பக்கவாதத்துக்கான முடிவு, தலைக்காயத்துக்கு அல்ல. ஒரே நாட்டில் நடந்த ஆய்வு என்பதால் மற்ற நாடுகளிலும் உறுதிப்பட வேண்டும். செலரித் தண்டு சாப்பிடுவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

மூலிகைக் கலவைகளையும் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். மூளை ரத்தக்கசிவுக்கு ஒரு சீன மூலிகை நீர்மத்தை 1,600க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024இல் வெளியானது. பயனில்லை. ஜிங்கோவை 3,069 முதியவர்களிடம் 120 மி.கி. வீதம் தினம் இருமுறை கொடுத்து ஆண்டுக்கணக்கில் பார்த்த அமெரிக்க ஆய்வு, மறதிநோயைத் தடுக்கவில்லை என்று 2008இல் முடிந்தது.

பெயர்க் குழப்பங்கள்

வல்லாரையும் நீர்ப்பிரம்மியும் ஒன்றல்ல. வட இந்தியாவில் இரண்டையுமே ‘பிராமி’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. வல்லாரையில் இருப்பது ஏஷியாட்டிகோசைடு வகை, நீர்ப்பிரம்மியில் இருப்பது பேக்கோசைடு வகை. நீர்ப்பிரம்மி மனிதரில் சோதிக்கப்பட்டது பெரும்பாலும் நலமானவர்களின் நினைவாற்றலுக்காக, 12 வாரம் வரை. காயம்பட்ட மூளைக்கு அந்த முடிவைப் பொருத்த முடியாது.

நித்தியகல்யாணி விஷயத்தில் குழப்பம் ஆபத்தானது. ஆங்கிலத்தில் அதையும் ‘பெரிவிங்கிள்’ என்றே சொல்வார்கள். வின்போசெட்டின் என்ற மருந்து ‘பெரிவிங்கிள்’ செடியிலிருந்து வருவதாகப் படித்துவிட்டு, வீட்டு வாசலில் பூத்திருப்பதைப் பறித்துவிடக் கூடாது. வின்போசெட்டினுக்கு மூலமான வின்கமைன் கிடைப்பது ஐரோப்பாவின் சிறு பெரிவிங்கிளில், அது வேறு பேரினம். நம் நித்தியகல்யாணி தருவது வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் எனும் புற்றுநோய் மருந்துகள். வின்கிரிஸ்டினின் முக்கியப் பக்கவிளைவே நரம்புச் சேதம்தான். வின்போசெட்டினுக்கும் பக்கவாதத்தில் போதிய சான்று கிடையாது. கருவுற்ற பெண்கள் எடுத்தால் கருச்சிதைவு ஏற்படலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2019இல் எச்சரித்தது.

வீட்டில், மருத்துவமனையில்

தலையில் அடிபட்டவருக்கு வாய்வழி எதுவும் வேண்டாம். கஷாயம், மஞ்சள் பால், தண்ணீர் எதுவானாலும் சரி. மயக்கத்தில் விழுங்கும் திறன் குறைந்திருக்கும், கொடுத்தது நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜனைக் குறைக்கும். காக்க நினைத்த நரம்பணுவை அதுவே கொன்றுவிடும். மூக்கில் சாறு விடுவது இன்னும் மோசம். மண்டையோட்டின் அடித்தளம் விரிசல் விட்டிருந்தால் மூக்குக்கும் மூளை உறைக்கும் இடையே வழி திறந்திருக்கும், கிருமி நேரே உள்ளே போகும். மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது அதற்கு அடையாளம். அதோடு, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிவரும் தலைவலி, இரு கண்மணிகளும் வெவ்வேறு அளவில் இருத்தல், வலிப்பு, ஒரு பக்கம் தளர்தல், முதலில் நன்றாகப் பேசியவர் பிறகு தூங்கி வழிதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரம் கடத்தாமல் 108ஐ அழையுங்கள்.

மருத்துவமனையில் நரம்பணுவைக் காப்பது பெரும்பாலும் மிகச் சாதாரண விஷயங்கள்தான்: ஆக்சிஜன், ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, காய்ச்சல் ஏறாமல் பார்ப்பது, தலையணைப் பக்கம் 30 பாகை உயர்த்திப் படுக்கவைப்பது. கடுமையான தலைக்காயத்தில் மேல் ரத்த அழுத்தம் ஒரே ஒருமுறை 90க்குக் கீழே போனவர்களிடம் இறப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்ததை 1993இல் வெளியான ஆய்வு காட்டியது. எந்த மூலிகைச் சாரத்துக்கும் இந்த அளவு வலு இதுவரை தெரியவில்லை.

சப்ளிமென்ட் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ரத்தக்கசிவும் வலிப்பு மருந்தும். ஜிங்கோ, பூண்டுச் சாரம், அதிக அளவு குர்குமின் ஆகியவை ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கக்கூடியவை. மூளையில் கசிவு உள்ளவருக்கும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் எடுப்பவருக்கும் இது ஆபத்து.

கடுமையான தலைக்காயத்துக்குப் பின் வலிப்பைத் தடுக்க ஏழு நாள் ஃபெனிட்டாயின் கொடுப்பது பரவலான வழக்கம். ரத்தத்தில் அது மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். குர்குமின் மாத்திரையில் சேர்த்திருக்கும் பைப்பரின் ஃபெனிட்டாயின் அளவை உயர்த்தும் என்று வலிப்பு நோயாளிகளிடமே இந்தியாவில் அளந்து காட்டியிருக்கிறார்கள். எல்லை தாண்டினால் கண் ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், தூக்கம் அழுத்தும். இவை அத்தனையும் மூளைக்காயம் மோசமாவதன் அறிகுறிகளைப் போலவே இருக்கும், மருத்துவரே குழம்பலாம். நேர்மாறாக, சங்கபுஷ்பி என்ற ஆயுர்வேத சிரப் ஃபெனிட்டாயின் அளவைக் குறைத்து, கட்டுக்குள் இருந்த வலிப்பைத் திரும்ப வரவழைத்ததும் பதிவாகியிருக்கிறது.

கல்லீரலையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் வலையமைப்பு மஞ்சள் சப்ளிமென்டால் பாதிக்கப்பட்ட பத்துப் பேரை ஆராய்ந்து எழுதியது, அவர்களில் ஒருவர் இறந்தார். சமையலில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம். அதில் பார்க்க வேண்டியது நிறத்துக்காகக் கலக்கப்படும் ஈய குரோமேட். ஈயம் நேரடியான நரம்பு நஞ்சு. கிழங்கின் மேலும் அதைப் பூசுவது உண்டு, எனவே கிழங்காக வாங்கி அரைத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை.

ஏற்கெனவே ஏதாவது எடுத்துக்கொண்டிருப்பவர் தலைக்காயத்தோடு சேர்க்கப்பட்டால், பெயரைச் சொன்னால் போதாது, குப்பியையே கொண்டுபோய்க் காட்டுங்கள். பைப்பரின் எவ்வளவு, வேறு என்ன மூலிகை சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் பின்பக்கத்துச் சிறிய எழுத்தில்தான் இருக்கும். கடைசியாக எடுத்த நேரத்தையும் சேர்த்துச் சொன்னால், ஃபெனிட்டாயின் அளவை எப்போது பரிசோதிப்பது என்று மருத்துவர் முடிவு செய்ய உதவும்.